இரண்டு விரற்கடைத் தண்ணீர்

மூன்றாவது சொம்பை ஊற்றும்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை வந்து சிலுவைமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்தது.

“இன்னா முத்து இது? உள்ள எந்தங்கச்சியக் குளிப்பாட்டிகினு கீறாங்கோ. நீ இங்க குந்திகினு செடிக்குத் தண்ணி ஊத்திகினு கீறியே!”

வியாகுலம்மாள், அவர் பெண்சாதி ஆலிஸின் அக்கா. விடிந்ததும் பக்கத்துப் போர்ஷன் ரஷீது பெரம்பூர் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய்ச் சொல்ல, பஸ் பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கியவள். அழுகையை வாசலோடு நிறுத்திவிட்டு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் துக்கம் அப்படித்தான் வரும்.

“தெனம் ஆறு மணிக்கு ஊத்துவேன்க்கா. இன்னிக்கு லேட்டாப் பூட்சி.”

“ஊத்தி? இனிமே யாரு துன்னப்போறா இத்த?”

சிலுவைமுத்து சொம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றிவிட்டுத்தான் எழுந்தார். ஆறு கள்ளிப்பெட்டிகள், வீட்டின் பின்சுவர் ஓரம், ஜன்னலுக்கு நேர் கீழே. ஆறின் மேலும் ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. தண்ணீர் சாக்கை நனைத்துக்கொண்டு கீழே இறங்கியது.

ஆலிஸ் ஐந்தரை மணிக்குப் போய்விட்டாள். இப்போது எட்டு. இந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் நிற்கவில்லை. உபதேசியாரை எழுப்பிவிட்டு வந்தார். சவப்பெட்டிக் கடைக்குப் போய் அளவு சொன்னார். தெருவில் கட்டியிருந்த அடுத்த வீட்டு ஆட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். பிறகு மறுபடியும் பழைய இடத்திலேயே கட்டினார். துறைமுகத்தில் முப்பது வருஷமாகச் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவர். கை எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா உட்காரத் தெரியாத மனுஷனுக்குச் சாவு வீட்டில் என்ன வேலை இருக்கிறது?

ஒரே ஒரு வேலை இருந்தது. அதைத்தான் செய்ய முடியவில்லை.

சாக்குக்கு அடியில் செடி இல்லை. ஆறு பெட்டியிலும் கறுத்து அழுகிய அடிக்கட்டைகள்தான் இருந்தன. ஒன்பது நாளாக அவர் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், ஜன்னலுக்கு உள்ளே படுத்திருந்தவளின் காதில் சத்தம் விழவேண்டும் என்று. ரஷீதுக்கு மட்டும் தெரியும். ஆலிஸுக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாள். சாகக்கிடந்தவளிடம் ஒன்பது நாள் பொய். சவப்பெட்டியை மூடுவதற்குள் அவள் காதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நாலு மணிக்குக் காசிமேட்டுக் கல்லறை. மூன்றரைக்குச் சாமியார் வருவார். நேரம் நிறையவே இருந்தது. தனியாக ஒரு நிமிஷம்தான் கிடைக்கவில்லை.

*

ராயபுரத்தில் கீரை என்றால் கடைய வேண்டும். பூண்டு தட்டிப்போட்டு, மிளகாய் கிள்ளிப்போட்டு, சட்டியில் மத்தை நிறுத்திக் கடைய வேண்டும். பச்சையாகத் தின்றால் அது ஆடு. ஆலிஸ் பச்சையாகத் தின்றாள். உப்பும் இரண்டு சொட்டு வினிகர்க் காடியும் விட்டு, விரலால் பிசறி, முறுக்கைக் கடிப்பது போலச் சத்தம் வரத் தின்பாள்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டும் பைலட் துரை ஒருவரின் பங்களாவில் பதினெட்டு வருஷம் சமைத்தவள் அவள். துரை குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது துரைசாணி எல்லோருக்கும் புடவை, பீங்கான் என்று கொடுத்தாள். ஆலிஸ் கேட்டு வாங்கியது ஒரு பொட்டலம் விதை. லெட்டூஸ் என்றாள். தெரு அதற்குத் தொரைக்கீரை என்று பெயர் வைத்தது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் கள்ளிப்பெட்டியில் தூவுவாள். வெயில் ஏறும்வரை இலை. கடைசியில் ஒரு செடியை மட்டும் பூக்கவிட்டு விதை எடுத்துத் துணியில் முடிந்து வைப்பாள். ஐந்து வருஷமாக இப்படித்தான்.

ஒரு தடவை கோடி வீட்டுத் தாயம்மா ஆசைப்பட்டு ஒரு கை இலையை வாங்கிக்கொண்டு போய்ப் பருப்புப் போட்டுக் கடைந்துவிட்டாள். பச்சைக் கஞ்சி மாதிரி வழவழவென்று ஒன்று வந்தது. அதைத் தின்ற அவள் புருஷன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தெருவே சிரித்தது. சிலுவைமுத்துவும் சிரித்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனம், அதில் ஐந்து வருஷமாக வீட்டிலேயே விளைகிறது; ஆனாலும் அவர் அந்த இலையில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. “நானு மன்சன்டீ, எனக்கு மீன் போடு” என்பார்.

பொங்கலுக்கு அப்புறம் ஆலிஸின் வயிறு எதையும் ஏற்கவில்லை. கஞ்சி திரும்பி வந்தது. பால் திரும்பி வந்தது. பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்று சொல்லி, வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். குழந்தை குட்டி இல்லை. பகலில் பக்கத்துப் போர்ஷன் ரஹீமுன்னிசா, ரஷீதின் பெண்சாதி, வந்து கூட இருப்பாள். டூட்டி முடிந்து வந்தால் சிலுவைமுத்து. அப்போது ஒரு நாள் ஆலிஸ் ஜன்னலைக் காட்டி, “அத்தக் கொஞ்சம் ஒடிச்சாயேன்” என்றாள். கழுவிக் கொடுத்தார். குளிர்ந்த இலை. மென்று முழுங்கினாள். திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு நடந்தது வேளாங்கண்ணியில் நடப்பது போல ஒரு புதுமை.

அன்றிலிருந்து அவர்தான் தோட்டக்காரர்.

“நடுக்குருத்தத் தொடாத,” என்று படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். “சுத்தி கீற பெரிய எலைய மட்டும் ஒடி. ஒரு செடியாண்ட மூணுக்கு மேல எடுக்காத. நாலு நாள் கயிச்சி அந்தச் செடியாண்ட திரும்பிப் போ, உள்ளேந்து வந்துகினே இருக்கும்.”

“அரைக்கீரை மாதிரி அறுத்துட்டா இன்னா? அதுவும்தான் திரும்பி வருது.”

“அது பக்கக் கணு வயியா வரும். இதுக்கு உசுரு நடுவுலதான்யா.”

வந்துகொண்டேதான் இருந்தது. ஒடித்த இடத்தில் பால் கசியும். நாலு நாளில் உள்ளேயிருந்து சுருட்டைச் சுருட்டையாக அடுத்த அடுக்கு விரியும். சங்கிலி இழுத்துக் காய்த்த விரல்களுக்கு அந்த இலையைக் கிழிக்காமல் ஒடிக்க ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் கூட்டாளிகளிடம் அதைப் பற்றியே பேசினார். “அஞ்சாம் பொட்டிதாம்பா நல்லா வருது,” என்று கோதுமைக் கப்பலின் இரைச்சலுக்கு நடுவில் கத்துவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

சாம்பல் புதன் வந்தது, வெயிலும் ஏறியது. இலை கசக்க ஆரம்பித்தது. ஆலிஸ் ஒரு வாய் மென்று தட்டைத் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். மூன்றாம் நாள் அவள் கன்னம் உள்ளே போனது அவர் கண்ணுக்கே தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஒரு செடியின் நடுக்குருத்தைக் கிள்ளி வாயில் வைக்காமல் முகர்ந்து பார்த்தார். வெள்ளையாக, இளசாக இருந்தது. ஒன்றுதானே என்று கொடுத்தார். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபிறகு அவருக்குத் தாங்கவில்லை. பின்னால் போய், மீன் அரிகிற கத்தியால் ஆறு பெட்டியிலும் இருந்த அத்தனை குருத்தையும் அறுத்துக்கொண்டு வந்தார். தட்டு நிறைய.

ஆலிஸ் மெதுவாக எல்லாவற்றையும் தின்றாள். கடைசி இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இனிக்குதுய்யா,” என்றாள்.

அவருக்குச் சந்தோஷம் தலைக்கேறி, அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஆறு பெட்டியும் கறுத்துவிட்டது.

*

“மாமு, கோதுமைக் கப்பல்ல கேட்டுப் பாக்கறேன்,” என்று சொன்னது ரஷீதுதான். கப்பல்களுக்குக் கறியும் காயும் முட்டையும் ஏற்றிவிடும் கம்பெனியில் அவனுக்கு வேலை. வெளிநாட்டுக் கப்பலின் ஐஸ் அறையில் தொரைக்கீரை கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். சமையல்காரனுக்கு இரண்டு கட்டு பீடியும் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் கொடுத்து, கோஸ் உருண்டை மாதிரி கெட்டியாக ஒன்று வாங்கி வந்தான். அது தீர்ந்ததும் இன்னொன்று. சிலுவைமுத்து அதை ஈரத்துணியில் சுற்றிப் பின்னால் குளிக்கிற மறைப்பில் பானைக்குள் ஒளித்து வைத்தார். காலையில் ஆறு மணிக்குப் பெட்டிகளுக்கு, உள்ளே அவளுக்குச் சத்தம் கேட்கும்படி, தண்ணீர் ஊற்றுவார். பிறகு உருண்டையிலிருந்து நாலு இலை உரித்துக் கொண்டுபோய், “தோ, அஞ்சாம் பொட்டி,” என்பார். “தோ, ரெண்டாம் பொட்டி.”

“நல்லா வருதா?” என்பாள் ஆலிஸ்.

“ஜோரா வருது.”

வியாழக்கிழமை சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குத் தைலம் பூசுகிற அவஸ்தை கொடுத்தார். எல்லாரும் முட்டிபோட்டு நின்றார்கள். ஆலிஸ் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சிலுவைமுத்து செய்யவில்லை. அதற்கு மறுநாள் காலை, அதாவது இன்று, ஐந்தரைக்கே விழிப்பு வந்து, தண்ணீர் ஊற்றுமுன்னே நாலு இலையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் மூச்சு நின்றிருந்தது. இலையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் கிடந்தது.

*

பத்து மணிக்குப் பெட்டி வந்தது. வெள்ளைச் சாட்டின் துணி வைத்துத் தைத்தது. கல்யாணப் புடவையைக் கட்டி, கையில் ஜெபமாலை சுற்றி, தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்தி வைத்து, ஜன்னலுக்கு அருகிலேயே ஆலிஸைக் கிடத்தினார்கள். சிலுவைமுத்து போய்த் தலைப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெண்கள் அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தார்கள். இதுதான் சமயம் என்று குனிந்தார்.

“ஐயோ, இந்த மன்சன் எப்டித் தாங்குவாரு!” என்று தாயம்மா ஓவென்று ஆரம்பித்தாள். வியாகுலம்மாள் தங்கையின் மேல் விழுந்தாள். மற்றவர்கள் வியாகுலம்மாளின் மேல் விழுந்தார்கள். அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பதினொன்றுக்கு மறுபடி போனார். உபதேசியார் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்திருந்தார். மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் நின்றார். ஒவ்வொரு ‘அருள்நிறை மரியே’க்கும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்டுடியோக்காரர் வந்தார். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துத் தூக்கி வைத்து, சுற்றி உறவுக்காரர்களை நிறுத்தி ஒரு போட்டோ. அது இல்லாமல் ராயபுரத்தில் யாரையும் அடக்கம் செய்வதில்லை. புருஷன் தலைமாட்டில் நிற்க வேண்டும். நின்றார். அவள் காது அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. சட்டென்று குனிந்தார்.

“ஆலிஸு...”

“ஐயா! ஆடாம நில்லுங்கய்யா! ஒரு பிளேட்டு வீணாப் பூட்சி பாருங்க.”

“தம்பி, கொஞ்சம் கம்முனு நில்லேன்,” என்றாள் அக்கா. “உன்னோட பேஜாராப் பூட்சி.”

இரண்டாவது பிளேட்டிலும் ஆடினார். மூன்றாவதில் லூயிஸ், ஆலிஸின் சித்தப்பா மகன், அவருடைய தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றான்.

*

வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியபோதுதான் அது நடந்தது. வாசலில் இடம் போதவில்லை. பின்பக்கத்தைக் காலி செய்யுங்கள் என்று வியாகுலம்மாள் உத்தரவு போட்டாள். சிலுவைமுத்து தெருமுனையில் சோடாக் கடையில் நின்றிருந்தார். திரும்பி வருவதற்குள் இரண்டு பேர் முதல் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். சாக்கு சரிந்து விழுந்தது.

“தூ, இன்னா கலீஜு இது!” அக்காவின் குரல் ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. “அல்லாம் அயுகிப் போய்க் கீது! முத்து, இன்னாடா இது? செடி அல்லாம் செத்துக் கெடக்குது, இதுக்கா காலையில தண்ணி ஊத்தினே?”

அவர் ஓடிவந்து சாக்கை இழுத்துப் போர்த்தினார்.

“மெதுவாப் பேசுக்கா,” என்றார். “அவ காதுல வுயும்.”

எல்லோரும் அப்படியே நின்றார்கள். வியாகுலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ, “பாவம், பெண்சாதி போன அதிர்ச்சி,” என்றார்கள். தாயம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு நாற்காலிகளைத் தெருவிலேயே போட்டார்கள்.

ரஷீது மட்டும் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“வுடு மாமு. நல்லதுக்குத்தானே சொன்னே.”

“நல்லதுக்கு இன்னாடா நல்லதுக்கு! எங்கையால அறுத்தேன்டா. இத்தத் தொடாதன்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா. அத்தயே போய் அறுத்தேன். அறுத்துட்டு, ஜோரா வருது ஜோரா வருதுன்னு தெனம் ஒரு புளுகு. அவ நம்பிகினே பூட்டா. என்ன நம்பிகினே பூட்டாடா.”

“அப்ப சொல்லிடு மாமு. இன்னும் மூடல.”

“எங்க சொல்றது? உள்ள கால் வெக்க எடமில்ல.”

ரஷீது உள்ளே எட்டிப் பார்த்தான். “மூடறப்ப கடைசியா மூஞ்சி பாக்க உன்னத்தானே கூப்புடுவாங்க. அப்போ சொல்லு. யார் கேட்டா இன்னா?”

அதுதான் சரி என்று பட்டது. வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டார். செடி செத்துப் பூட்சி ஆலிஸு, நான்தான் அறுத்தேன், நீ துன்னது கப்பல் எலை, என்ன மன்னிச்சிக்கோ. பின்பக்கத்திலேயே சுற்றி நடந்துகொண்டே அதை மனப்பாடம் செய்தார். ஒரே மூச்சில் அடங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

*

மூன்று மணிக்கு வியாகுலம்மாளுக்குக் குருத்தோலை ஞாபகம் வந்தது. போன வருஷக் குருத்து ஞாயிறன்று ஆலிஸ் முடைந்த ஓலைச் சிலுவை. சாம்பல் புதனுக்கு முன், எரித்துச் சாம்பலாக்க, கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டியது, போக ஆளில்லாமல் வீட்டிலேயே கிடந்தது.

“மாதா சொரூபத்துக்குப் பின்னாடிதான் சொருவி வெப்பா. எடுத்தா தம்பி, அவளோடயே போவட்டும்.”

வேலை என்றதும் சிலுவைமுத்து பறந்தார். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் உயரமாக ஒரு பலகை. அதில் வேளாங்கண்ணி மாதா. அந்தப் பலகைப் பக்கம் அவர் கை போனதே இல்லை. துடைப்பதும் பூ வைப்பதும் பெண்கள் வேலை. எக்கி, சொரூபத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஓலை தட்டுப்பட்டது. அதோடு சில்லென்று இன்னொன்றும் தட்டுப்பட்டது.

கண்ணாடி டம்ளர். ஆலிஸ் பங்களாவிலிருந்து கொண்டுவந்தது. அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். தண்ணீரில் ஒரு தண்டுக்கட்டை நின்றது. இலையெல்லாம் உரித்தபிறகு மிஞ்சுகிற, கப்பல் உருண்டையின் அடிக்கட்டை. குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் சாம்பல் குழியில் அவர் விட்டெறிந்தது. அதன் நடுவிலிருந்து நாலைந்து இலைகள் எழும்பியிருந்தன. கட்டைவிரல் உயரம். ஓரம் சுருண்டிருந்தது.

ஓலையை அக்காவிடம் யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. டம்ளரை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். ரஹீமுன்னிசா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டம்ளரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“இது இன்னாம்மா?”

“நான்தாண்ணே வெச்சேன். ஆலிஸக்காதான் வெக்கச் சொன்னாங்க.”

“எப்போ?”

“போன சனிக்கெயம. சாம்பக் கொட்டப் போனேன், இது கெடந்தது. அண்ணன் இன்னாமோ கோஸு அடித்தண்டாட்டம் எறிஞ்சிகீறாருன்னு அக்காவாண்ட சொன்னேன். எடுத்தாடீன்னாங்க. கய்வி எடுத்தாந்தேன். கைல வெச்சிகினு ரொம்ப நேரம் பாத்தாங்க. சிரிச்சாங்க.”

“சிரிச்சாளா?”

“பதினெட்டு வருசம் தொரை வூட்ல ஆக்கினவளாண்ட கப்பல் கோஸக் குட்த்து அஞ்சாம் பொட்டின்றாரு பாருடீன்னாங்க. நம்மூட்டு எலை அவுந்து கெடக்கும், இது பொத்திகினு கெடக்கும், மொத நாளே தெரிஞ்சிபோச்சின்னாங்க.”

சிலுவைமுத்து துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப குருத்து... அறுத்தது?”

“அது அப்பவே தெரியும்ணே. தட்டு நெறைய குருத்தா வந்தா தெரியாதா? எனக்கோசரம் அல்லாத்தையும் அறுத்துட்டாருடீன்னு எங்கையப் புடிச்சிகினு அயுதாங்க. அத்தோட, அந்தாளாண்ட சொல்லிடாத, உசுர வுட்ருவாருன்னாங்க. காலையில நீங்க தண்ணி ஊத்துவீங்களே, அத்தக் கேட்டுகினு படுத்திருப்பாங்க. வெறும் மண்ணுக்கு ஊத்தறாரு பாரு, ஊத்தட்டும்ன்னுவாங்க.”

உள்ளே சாமியார் வந்துவிட்ட சலசலப்பு கேட்டது. ரஹீமுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் பேசினாள்.

“நீங்க டூட்டிக்குப் போனதும் எறக்கி ஜன்னல்ல வெச்சிருவேன். பகல் பூரா பாத்துகினு கெடப்பாங்க. நீங்க வர நேரத்துக்கு மாதா பின்னால வெச்சிருவேன். தெனம் தண்ணி மாத்தணும், இல்லாட்டி அயுகிடும்ன்னாங்க. ரெண்டு விரக்கட, அதுக்கு மேல கூடாது. நேத்து சாயந்தரம்கூட மாத்தினேன். இன்னிக்கு... இன்னிக்கு மறந்துட்டேண்ணே.”

“எனக்குன்னு எதாவது சொன்னாளா?”

“நான் போனப்பறம் இத்த அவராண்ட குடுத்துடுன்னாங்க. எலை வந்தா ஒண்ணாவது துன்னச் சொல்லுன்னாங்க. தண்ணி மட்டும் தெனம் மாத்தச் சொல்லு, அந்தாளு சொம்மா குந்தமாட்டாரு, கைக்கு ஒரு வேல வேணும்ன்னாங்க.”

*

“முத்து எங்க? மூடப்போறாங்கோ! கடைசியா மூஞ்சியப் பாக்கச் சொல்லுங்கோ!”

சாமியார் தீர்த்தம் தெளித்தாகிவிட்டது. கோயில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. லூயிஸ் தெருப்பக்கம் தேடினான். ரஷீது பின்பக்கம் வந்தான்.

சிலுவைமுத்து பின்பக்கத்துப் பொதுக்குழாயடியில் குந்தியிருந்தார். டம்ளரிலிருந்த பழைய தண்ணீரைக் கொட்டினார். வழவழப்புப் போக உள்பக்கத்தை விரலால் தேய்த்துக் கழுவினார். அடிக்கட்டையை உள்ளங்கையில் வைத்து, இலைமேல் படாமல், கீழே மட்டும் தண்ணீர் காட்டினார். குழாயில் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு விரலை வெளியே வைத்து அளவு பார்த்தார். கொஞ்சம் கூடிவிட்டது. சாய்த்து ஊற்றி மறுபடி அளந்தார்.

“மாமு, கூப்புடறாங்க.”

“தோ வரேன். இரு.”

கட்டையை டம்ளரில் நிறுத்தி, ஜன்னல் கட்டையில் கொண்டுபோய் வைத்தார். வெயில் நேராகப் படாத மூலையாகப் பார்த்து நகர்த்தினார். அதற்கு அப்புறம்தான் உள்ளே போனார்.

கூட்டம் விலகி வழி விட்டது. இத்தனை நேரம் கால் தரிக்காமல் அலைந்த மனுஷன் நேராகப் போய்த் தலைமாட்டில் நின்றதைப் பார்த்து எல்லோருக்கும் பயமாகக்கூட இருந்தது. சத்தம் அடங்கியது. காலையிலிருந்து அவர் ஏங்கிக் கிடந்த அமைதி அது. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் காதோரம் வாயை வைத்தார்.

“தண்ணி மாத்திட்டேன்,” என்றார்.

நிமிர்ந்தார்.

“இன்னாடா சொன்னே அவளாண்ட?” என்று வியாகுலம்மாள் விம்மலுக்கு நடுவில் கேட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா. வூட்டு வேல.”

அவர் பிடித்திருந்த இடத்தில் வெள்ளைச் சாட்டின்மேல் இரண்டு விரல் ஈரம் பதிந்திருந்தது. லூயிஸும் இன்னொருவனும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலுவைமுத்து ஓர் எட்டுப் பின்னால் வந்து, ஆடாமல் நின்றார்.